ஆறு அறைகளும் ஒரு வெர்னியரும்

துப்பாக்கிக் கடைக்கு வருகிறவர்களில், தன் ரிவால்வருக்குள் தோட்டா இருப்பதாக ஒத்துக்கொண்டவர் இன்று வரை ஒருவரும் இல்லை. அவர்களில் பாதிப் பேர் சொல்வது உண்மை. எந்தப் பாதி என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் இந்தத் தொழிலில் எனக்குக் கஷ்டமே இருக்காது.

கடை கோயமுத்தூர் கணபதியில். மாமனார் பேரில் இருந்த டீலர் லைசென்ஸ் இப்போது என் பேரில் இருக்கிறது. அதற்கு முன்னால், பீளமேட்டில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, இதே கணபதியில் ஒரு பம்ப் ஒர்க்‌ஷாப்பில் ஏழு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தேன். அங்கிருந்து நான் கொண்டுவந்தது மயிரிழை அளவையும் அளக்கும் ஒரு வெர்னியரும், அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத குணமும். இரண்டாலும் வீட்டில் நல்ல பெயர் கிடைத்ததில்லை. கடையில் பிழைத்துக் கிடப்பது இரண்டாலும்தான்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்ற வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள், நீங்கள் மருந்துக்கடை வைத்திருந்தாலும் சரி, கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்த்தாலும் சரி, என் கட்சிதான். உட்காருங்கள், சொல்கிறேன்.

மணல் வாளி

என் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறைய மணல் இருக்கும். யார் துப்பாக்கி கொண்டுவந்தாலும் அதன் வாயை அந்த வாளிப் பக்கம் திருப்பி, சிலிண்டரைத் திறந்து, ஆறு அறையையும் எனக்குக் காட்ட வேண்டும். அதாவது தோட்டா உட்காரும் அந்த ஆறு ஓட்டைகளையும். மந்திரியே வந்தாலும் இதுதான் சட்டம். தவறி வெடித்தாலும் குண்டு மணலுக்குள் போய்விடும். முதல் தடவை வருகிறவர்கள் அந்த வாளி தீ அணைக்க என்று நினைத்துக்கொள்வார்கள்.

தாராபுரத்துப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர் மஞ்சப்பையிலிருந்து ரிவால்வரை எடுத்து, "காலிதானுங்க அம்மணி" என்று நீட்டினார். கையை நீட்டி வாங்காமல் வாளியைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். பொலபொலவென்று ஐந்து தோட்டா மணலில் விழுந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவர் வயசு மட்டும் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். "இதுதான் காலிங்களா?" என்று கேட்டேன்.

பழைய மாடல் ரிவால்வர் கீழே விழுந்தால், தோட்டாவின் பின்னால் அடிக்கும் சுத்தியல் இடித்து வெடிக்கக்கூடும். அதனால் சுத்தியலுக்கு நேராக வரும் அறையை மட்டும் காலியாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். போன தடவை அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க சொன்ன அந்த ஓட்டை காலியாத்தானுங்களே இருக்குது, அதையத்தான் சொன்னேன்."

இரண்டுக்கும் ஒரே நம்பர்

ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒருவர். லைசென்ஸில் பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வர் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அவர் நண்பரிடம் இருப்பது பாயிண்ட் முப்பத்திரண்டு பிஸ்டல். நண்பர் வாங்குகிற தோட்டாவையே தனக்கும் தரச் சொன்னார். முடியாது என்றேன். "ரெண்டும் முப்பத்திரண்டுதானுங்களே, நெம்ப அழகா உள்ள போகுதுங்க" என்றார். போட்டுப் பார்த்திருக்கிறார், பாருங்கள்!

இரண்டு தோட்டாவையும் கவுண்டர் கண்ணாடி மேல் நிற்க வைத்தேன். ரிவால்வருடையது நெட்டை, அடியில் அகலமான விளிம்பு. பிஸ்டலுடையது குட்டை, விளிம்பு பேருக்குத்தான் இருக்கும். குட்டையாக இருக்கிறதே என்று இளப்பமாக நினைக்கக்கூடாது, வெடிக்கும்போது அதன் அழுத்தம்தான் அதிகம். உங்கள் தாத்தா காலத்து ரிவால்வர் அந்த அழுத்தத்துக்குச் செய்ததே இல்லை. போர்வெல் மோட்டாரைக் கொண்டுபோய் வீட்டுத் தொட்டிக் குழாயில் மாட்டுவது மாதிரி, மாட்டும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஸ்விட்ச் போட்ட பிறகுதான் தெரியும். உள்ளே போவது வேறு, பொருந்துவது வேறு. துப்பாக்கியின் மேல் பொறித்திருப்பதும் தோட்டா டப்பாவின் மேல் அச்சடித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம்பர் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்று கேட்டார். "அப்பறம் எதுக்குங்க ரெண்டுக்கும் ஒரே நம்பரக் குடுத்தாங்க?"

யானைக்கு ஆகுமா

மலையடிவாரத்தில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர். புது ரிவால்வர், புது லைசென்ஸ், எண்ணெய் வாசம்கூடப் போகவில்லை. "இது யானைக்கு ஆகுங்களா அம்மணி?" என்றார். யானையைச் சுட்டால் நேராக ஜெயில்தான் என்று சொல்லிவிட்டு, இந்தத் தோட்டாவால் யானைக்குக் கோபம் மட்டும் வரும், அந்தக் கோபத்துக்கு எதிரில் நீங்கள்தான் நிற்பீர்கள் என்றும் சொன்னேன். ரிவால்வரை ஒரு நிமிஷம் ஏமாற்றத்தோடு பார்த்தார். "யானைய வெரட்டற பட்டாசுக்கு இத்தன அலைச்சல் இல்லீங்களே."

சந்தனம் வைத்த ரிவால்வர்

இனி என் பழைய முதலாளி ரங்கசாமி அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த அந்த பம்ப் ஒர்க்‌ஷாப் அவருடையது. தங்கமான மனுஷர், தீபாவளிக்கு வீடு தேடி வந்து இனிப்பு கொடுப்பார். ஆனால் வார்த்தெடுத்த ஒரு காஸ்டிங்கில் விரிசல் என்று நான் சிவப்பு பெயிண்ட் வைத்தால், அந்த இடத்தை வெல்டிங் வைத்து மூடி, பெயிண்டைத் துணியால் துடைத்து, "போகட்டும் அம்மணி, பம்புதானுங்களே, ராக்கெட்டா?" என்று லாரியில் ஏற்றிவிடுவார். அந்த ஏழு வருஷத்தில் 'ரிஜெக்ட்' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. இடது கை மோதிர விரலில் பாதி கிடையாது. பாதுகாப்புத் தடுப்பு போடாத பிரஸ் மெஷினில் போனது. "ஒம்போதரை விரல்ல ஓட்டிட்டிருக்கறனுங்க" என்று அவரே சிரிப்பார்.

அவர் அப்பாவின் ரிவால்வர் முறைப்படி அவர் பேருக்கு மாறியிருந்தது. ஆயுத பூஜை வந்தது. லேத்துக்குச் சந்தனம், மில்லிங் மெஷினுக்குச் சந்தனம், ஆபீஸ் கால்குலேட்டருக்குச் சந்தனம், ரிவால்வருக்கும் சந்தனம். பெயர் ஆயுத பூஜை, அவரிடம் நிஜமாகவே ஆயுதம் இருக்கிறது, விடுவாரா? சிலிண்டரைத் திறந்து, ஆறு அறையின் வாயிலும் ஒவ்வொரு பொட்டு. நம் பக்கத்துக்காரர்கள் இப்படிச் செய்வது எனக்குத் தெரியும். பூஜை முடிந்த மறுவாரம் இரண்டு மூன்று பேராவது இதைத் துடைக்கக் கொண்டுவருவார்கள்.

இவர் துடைக்கவில்லை. மேலே தேங்காயெண்ணெய் வேறு விட்டிருக்கிறார். எல்லாம் சேர்ந்து காய்ந்து அறைக்குள் பிசினாகப் பிடித்துவிட்டது. ஒரு மாசம் கழித்து போன் செய்தார், தோட்டா பாதியில் நிற்கிறதாம். "தோட்டா சரிதானுங்க, அறையில்தான் அழுக்கு. அழுத்தாதீங்க, கொண்டுவாங்க, அரை மணி நேரத்தில் கழுவித் தர்றேன்" என்றேன். அவர் கொஞ்சம் மனத்தாங்கலோடு சொன்னார். "ஒரு ஓட்டையப் பெருசு பண்றதுக்கு நான் போயி இன்னொருத்தருகிட்ட நிக்கறதுங்களா?"

தேர்தல் வந்தது

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அந்த ஒரு வாரம் என் கடையில் ரேஷன் கடைக் கூட்டம் இருக்கும். கூட்டத்தோடு ரங்கசாமி அவர்களும் வந்தார். வாளிக்கு நேராக, ஒழுங்காக, சிலிண்டரைத் திறந்து காட்டினார். காலிதான். ஆனால் ஆறு அறையும் உள்ளே பளபளவென்று மின்னியது. அத்தனை வருஷத்து எஃகுக்கு அந்தப் பளபளப்பு எங்கிருந்து வரும்? வெர்னியரை எடுத்தேன்.

அளந்தேன். சரியான தோட்டாவின் காலி உறை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், உள்ளே ஆடியது. சந்தனத்தைக் கழுவ வேண்டிய இடத்தில் எஃகையே கடைந்து எடுத்திருக்கிறார்! வேறு ஊராக இருந்தால் ஒரு துணியும் குச்சியும் தேடியிருப்பார்கள். கோயமுத்தூரில் கைக்கெட்டின தூரத்தில் லேத்து இருக்கும். சிலிண்டரில் இப்படிக் கை வைப்பது சட்டப்படி குற்றம் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை உறையைப் பெருமையாக எடுத்து வைத்தார். தோட்டத்தில் ஒன்று சுட்டுப் பார்த்தாராம், ஜோராக வெடித்ததாம். அந்த உறை பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை கிழிந்திருந்தது. அறைச் சுவர் இறுகப் பிடித்தால்தான் பித்தளை தாங்கும், இடைவெளி இருந்தால் கிழியும். அடுத்து கிழிவது சிலிண்டராக இருக்கலாம், அதை அப்போது பிடித்திருப்பது உங்கள் கை என்றேன்.

அவர் கேட்கிற மாதிரி இல்லை. ஓட்டு எண்ணி முடிந்த மறு வாரம் பேரனுக்குக் காதுகுத்து. தோட்டத்துக்குச் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் வருகிறது, ஒன்று போட்டுக் காட்ட வேண்டுமாம். விசேஷத்தில் சுடுவதற்கு லைசென்ஸில் இடமில்லை என்றேன். அதுவும் ஏறவில்லை. ரசீதைக் கொடுத்துவிட்டு, "எண்ணி முடிந்தாலும் இதை நான் திருப்பித் தருவதாக இல்லைங்க" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார். "அம்மணி, நான் சம்பளங் குடுத்து வச்சிருந்த ஆளுங்க நீங்க."

சிவப்புக் கோடு

அந்த வார்த்தை வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். லைசென்ஸ் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் மேஜையில் வைத்திருந்தேன். அனுப்பினால் அவர் லைசென்ஸ் போகும். அனுப்பாமல் விட்டால் வேறென்ன போகும் என்பது அந்தக் கிழிந்த உறையைப் பார்க்கும்போதெல்லாம் தெரிந்தது. ஒரு குழந்தையின் காதுகுத்து, சுற்றிலும் ஐம்பது நூறு பேர். எத்தனை காஸ்டிங்கை இவர் பேச்சுக்காகப் போக விட்டிருக்கிறேன்! இதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

எண்ணிக்கை முடிந்த மறுநாள் ரசீதோடு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. சிலிண்டரைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, மூன்று ஸ்ப்ரே டப்பாக்களை எடுத்து வைத்தேன். பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது. காஸ்டிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க அவர் ஒர்க்‌ஷாப்பில் நான் தினமும் செய்த சோதனைதான். முதலில் சுத்தம் செய்வது, பிறகு சிவப்புச் சாயம் அடித்துப் பத்து நிமிஷம் ஊறவிட்டுத் துடைப்பது, கடைசியில் வெள்ளைப் பவுடர். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையின் மேல் கோடாக வெளியே வரும். "எத்தன ஆயிரம் பீஸு பாத்திருக்கறோம்" என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெள்ளை காய்ந்தது. ஐந்து அறைச் சுவரில் ஒன்றும் இல்லை. அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. அப்போது ஆறாவதில், இரண்டு அறைகளுக்கு நடுவே மிச்சமிருந்த மெல்லிய சுவரில், தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு மெதுவாக ஊறி வந்தது. அவர் சுட்ட அந்த ஒரே தோட்டாவின் வேலை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றவில்லை, பயமாகத்தான் இருந்தது. அவர் இடது கையைக் கவுண்டர் கண்ணாடி மேல் விரித்து வைத்து, பாதி போன அந்த விரலைப் பார்த்தார்.

"பேரன மடியில வச்சுட்டுத்தானுங்க போடறதா இருந்தேன்" என்றார்.

கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். ஒரு வரி விடாமல் படித்து, துப்பாக்கியை ஒப்படைக்க சம்மதம் என்று கீழே அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பழைய பழக்கத்தில் நான் மேஜையில் வைத்திருக்கும் சிவப்பு பெயிண்ட் டப்பாவை, அந்த ஒன்பதரை விரல்களாலும் என் பக்கம் நகர்த்தினார். "ரிஜெக்ட் போடுங்க அம்மணி."

ஏழு வருஷம் நயமாகச் சொல்லியும் வாங்க முடியாத அந்த ஒரு வார்த்தையை, கடைசியில் துப்பாக்கியைக் காட்டித்தான் என்னால் வாங்க முடிந்தது.