மரியதாஸின் வேதத்தில் நடமாடிய அந்தோனியார்

உப்பு விற்கிறவனிடம் யாரும் கடலுக்கு விளக்கம் கேட்பதில்லை. மெழுகுதிரி விற்கிறவளிடம் மட்டும் வேதத்துக்கு விளக்கம் கேட்பார்கள். கடை வைத்துப் பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இலங்கையில் சண்டை முடிந்த பிறகு, புத்தளம் கடற்கரையில் கண்டக்குழிப் பக்கம் ஒரு கோயில் வாசலில் பல வருடங்கள் சிறிய கடை ஒன்று நடத்தினேன். மெழுகுதிரி, செபமாலை, புனிதர் படங்கள், வேதப்புத்தகம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடலுக்குக் குளிக்கப் போவார்கள். நம்முடைய சனம் வேதப்புத்தகத்தை வாங்கி, பூச்சி அரிக்காமல் அலுமாரியில் வைத்துப் பூட்டும். கல்லூரியில் தமிழ் படித்தவள் என்பதால் எல்லோருக்கும் நான் "ரீச்சர்". ஒருநாளும் ஒரு பிள்ளைக்கும் நான் படிப்பித்ததில்லை.

இடது கை

மரியதாஸ், கடல்நீர் ஏறி இறங்கும் களப்பில் நண்டு வலை போடுகிறவர். நல்ல தொழிலாளி, அதைவிட நல்ல குடிகாரர். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் என் கடை வாசலில் அவரை மறித்தார். பாவம் செய்ய வைக்கும் வலது கையை வெட்டி எறியச் சொல்லி ஆண்டவரே சொல்லியிருக்கிறார், தெரியுமா என்று கேட்டார். சுற்றி நின்ற சனம் மரியதாஸின் கையைப் பார்த்தது.

மரியதாஸ் இரண்டு கைகளையும் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "மூப்பர், நான் இடது கையாலதான் போத்தல் தூக்கிறனான்."

பெரிய எழுத்து

அந்த மனிதர்தான் ஒருநாள் குளித்து, வெள்ளைச் சாரம் கட்டி, பெரிய எழுத்து வேதப்புத்தகம் ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார். குடியை விட்டாயிற்றாம். கோயிலுக்கு வெளியே நடக்கும் செபக் கூட்டம் ஒன்றில் பேசும் தம்பி ஒருவர் விட வைத்தாராம். எழுதியிருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நம்ப வேண்டும், உள்ளர்த்தம் தேடுவது படித்தவர்களின் வியாதி என்று அந்தத் தம்பி சொன்னாராம். இதைச் சொல்லும்போது மரியதாஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பக்க அடையாளத்துக்கு அந்தோனியார் படம் ஒன்றையும் புத்தகத்தோடு கொடுத்தேன்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, தினமும் மாலையில் விளக்கு வைத்ததும் வீட்டாருக்கு உரக்க வாசிப்பார். அன்று வாசித்தது மறுநாள் வீட்டின் சட்டம். வானிலை கேட்பதுபோல அவருடைய மனைவி பிலோமினா காலையில் என்னிடம் வருவாள்: "ரீச்சர், அடுத்தது என்ன வருது?" வெள்ளம் வருகிறது, நோவாவின் பேழைக்குள் இருந்தவை தவிர எல்லாம் அழியும் என்றேன்.

கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப மீனுக்கு ஒண்டும் நடக்கேல்ல. எல்லாரும் செத்துப்போக அதுகள் மட்டும் சந்தோசமா நீந்தியிருக்குதுகள். இந்த மனுசன் அதுகளை ஏன் இன்னும் கூடப் பிடிக்கேலாது எண்டு அதில எழுதியிருக்கா ரீச்சர்?"

செட்டையும் செதிலும்

அடுத்து மோசேயின் சட்டங்கள் வந்தன. நீரில் வாழ்பவற்றில் நீந்தும் செட்டையும் செதிலும் இல்லாதவை அருவருப்பு என்று அங்கே இருக்கிறது. களப்புக் கரையில் வேறு எதை வைத்துச் சீவிப்பது? நண்டு, றால், கணவாய் எல்லாம் ஒரே வாசிப்பில் போயிற்று. மறுநாள் விடியற்காலையில் மரியதாஸ் வலையில் பட்ட நண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மன்னிப்புக் கேட்பவர்போலக் களப்பில் விட்டாராம். நண்டுதான் அந்த வீட்டின் சோறு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து, எல்லாம். ஒரு கிழமைக்குள் பிலோமினா அயல் வீடுகளில் அரிசி கேட்கத் தொடங்கினாள்.

அவருடைய நண்டை வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர் ஹனீபா நானா. முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்து, புத்தளம் தில்லையடியில் வீடு கட்டியவர். வெறும் பெட்டியோடு என் கடைக்கு வந்து கதிரையில் இருந்தார். விற்றாலாவது குற்றமில்லையே என்று மரியதாஸிடம் கேட்டுப் பார்த்தாராம். செத்ததைத் தொடவும் கூடாது என்று பதில் வந்ததாம். நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "நானும் நண்டு தின்னமாட்டன் ரீச்சர். ஆனா நண்டுக்கு அது தெரியாது. நான் வித்த நண்டுதான் எனக்கு வீடு கட்டித் தந்த."

ஓர் இரவில் போன தூரம்

பிலோமினா கேட்டாள்: "இந்தச் சட்டத்தை மாத்திற இடம் ஒண்டும் அதில இல்லையா ரீச்சர்?" இருக்கிறது. பேதுரு பசியோடு மொட்டைமாடியில் இருக்கும்போது, வானத்திலிருந்து பெரிய விரிப்பு ஒன்று எல்லா உயிர்களோடும் இறங்குகிறது. அடித்துச் சாப்பிடு என்று குரல் கேட்கிறது. ஆனால் அது புத்தகத்தின் மறு கோடியில். மரியதாஸ் வாசிக்கும் வேகத்தில் அங்கே போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் கட்டிவிடுவார்கள்.

"எந்தப் பக்கம் எண்டு மட்டும் காட்டுங்கோ," என்றாள். காட்டினேன். கேட்ட வாடிக்கையாளருக்குப் பக்கம் காட்டுவது கடைக்காரியின் கடமை. அன்று இரவு அந்தோனியார் மோசேயிடமிருந்து புறப்பட்டு, அரசர்களையும் தீர்க்கதரிசிகளையும் நான்கு சுவிசேஷங்களையும் தாண்டி, பேதுருவின் மொட்டைமாடியில் போய் இறங்கினார். விரித்தால் இடது கைப் பக்கம் மெலிந்திருந்த வேதம் ஒரே நாளில் பருத்துவிட்டது. மறுநாள் மாலை அங்கிருந்து வாசித்த மரியதாஸ், விடிந்ததும் நண்டு வலையோடு களப்புக்குப் போகும் வழியில் கடைக்கு முன்னால் நின்றார். "மோசேக்கு வேண்டாமெண்ட கடவுள் பேதுருவுக்குத் தின்னச் சொல்லிட்டார் ரீச்சர். நல்ல காலம், இடையில எனக்கு ஒரு ராத்திரிதான் போச்சு."

எண்ணெய்

ஒரு இடத்தில் பாய்ச்சலாகப் போனால் வேறொரு இடத்துக்குச் சீக்கிரம் வந்துவிடுவோம் என்பதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. சில மாதங்களில் மரியதாஸ் சீடர்கள் எழுதிய கடைசி நிருபங்களுக்கு வந்துவிட்டார். நோயாளி சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்கட்டும் என்ற இடத்தை அவர் வாசித்த அதே கிழமை, ஆழமில்லாத தண்ணீரில் திருக்கை மீனை மிதித்தார்; அதன் வால் முள் காலில் ஏறியது. அவருக்கு ஏற்கனவே நீரிழிவு, நாங்கள் சொல்லும் சீனி வருத்தம். செபக் கூட்டத்தார் வந்து எண்ணெய் பூசினார்கள், பாடினார்கள். பெருவிரல் கறுத்தது. ஆஸ்பத்திரி என்ற சொல்லையே அவர் வீட்டில் எடுக்க விடவில்லை.

பிலோமினா கடைக்கு வந்தாள். அன்று அவள் அடுத்தது என்ன வருகிறது என்று கேட்கவில்லை. என் கணவர் போனபோதும் பலர் வந்து எனக்கு வசனம் சொன்னார்கள். வசனமெல்லாம் நல்ல தமிழ். அதனால்தான் கூட வலித்தது. ஆகவே நான் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நண்டுக்காக அந்தோனியாரை முன்னால தூக்கி வச்சன். இப்ப மனுசன் போகப் போறார் ரீச்சர்."

உருவகம்

அந்தோனியார் திரும்பிப் புறப்பட்டார். இந்த முறை நான் பக்கத்தைக் கவனமாகத் தெரிந்தெடுத்தேன். கால் இடறினால் வெட்டிப் போடு என்ற இடம் வேண்டாம். மனிதர் கத்தியை எடுத்தாலும் எடுப்பார். அதற்கு முன்னாலே, வரி வாங்கும் ஆயக்காரரோடும் பாவிகளோடும் ஆண்டவர் சாப்பிட உட்கார்ந்ததைப் பரிசேயர் குறைசொல்லும் இடம். அன்று மாலை நானும் அந்த வீட்டுக்குப் போனேன். செபக் கூட்டத் தம்பியும் இருந்தார். புண் காலை வாங்குப் பலகையில் நீட்டிக்கொண்டு மரியதாஸ் காய்ச்சல் குரலில் வாசித்தார். சுகமாயிருப்பவர்களுக்கு அல்ல, நோயாளிகளுக்குத்தான் வைத்தியர் தேவை என்ற இடத்தில் நின்றார். மறுபடியும் வாசித்தார். பிலோமினா விளக்குத் திரியைத் தூண்டுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

தம்பி அவசரமாகக் குறுக்கிட்டார். "அது ஆஸ்பத்திரியைச் சொல்லேல்ல, அண்ணன். நோய் எண்டா பாவம், வைத்தியர் எண்டா ஆண்டவர். அதை உள்ளர்த்தத்தோட விளங்கோணும்." அவர் சொன்னது முழுக்கச் சரி. அது உருவகம் என்றுதான் எனக்கும் கல்லூரியில் படிப்பித்திருப்பார்கள். வாழ்நாள் முழுக்க உருவகத்துக்காக வாதாடியவள் அன்று வாயைத் திறக்கவில்லை. மரியதாஸ் புத்தகத்தை மூடி, அவரை நிமிர்ந்து பார்த்தார். "உள்ளர்த்தம் படிச்ச ஆக்களிட வியாதி எண்டு நீங்கதானே தம்பி சொன்னீங்க? பிலோமினா, ஹனீபா நானாவிட லொறி நிக்குதா எண்டு பார்."

விரல்

புத்தளம் ஆஸ்பத்திரியில் பார்த்து, உடனே சிலாபத்துக்கு அனுப்பினார்கள். பெருவிரல் போயிற்று, கால் தப்பியது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளும் இல்லை என்று டொக்டர் சொன்னாராம். பாணும் வாழைப்பழமும் கொண்டு நான் பார்க்கப் போனபோது, மரியதாஸ் கட்டிலில் இருந்து வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். காலை வெட்டச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டாராம். "இதில விரலைப் பற்றி ஒண்டுமில்ல ரீச்சர், கால் எண்டுதான் இருக்கு. டொக்டர் வேதம் தெரியாத மனுசன், நல்ல காலம்," என்றார்.

பிலோமினா தண்ணீர் எடுக்கப் போனதும் புத்தகத்திலிருந்து அந்தோனியார் படத்தை உருவி என்னிடம் காட்டினார். புனிதரின் தலைக்கு மேலே, ஒளிவட்டம் இருக்க வேண்டிய இடத்தில், கறிக்கு மஞ்சள் அரைத்த பெண் விரல் ஒன்றின் தடம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அவர் படத்தைச் சட்டையில் துடைக்காமல், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். "முதல் தரமே தெரியும் ரீச்சர். எழுதியிருக்கிறதை அப்படியே நம்பத்தான் வேணும். ஆனா எந்தப் பக்கத்தைத் திறக்கிறதெண்டு பெண்சாதி சொன்னாக் கேக்கக் கூடாதெண்டு அதில ஓரிடத்திலயும் எழுதியில்லையே."

அத்தனை வருடம் வேதப்புத்தகம் விற்றதில் நான் கண்டது இவ்வளவுதான்: எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர் உயிரோடு இருக்க வேண்டுமானால், வீட்டில் யாராவது ஒருவருக்கு நண்டுக்கறி காய்ச்சத் தெரிந்திருக்க வேண்டும்.