கல்வெட்டில் நான் எழுதிய கப்டன்

என் அண்ணன் கப்பலில் ஒயிலர். எஞ்சின் அறையின் வெக்கையில் நின்று இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுகிற வேலை. லீவில் வந்து நின்றபோது நெஞ்சுவலி வந்து, ஆசுபத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து, வீட்டில் சாப்பாட்டோடு ஒரு சிறு புத்தகமும் கொடுப்பார்கள். இறந்தவரின் வாழ்க்கையை அச்சடித்த அந்தப் புத்தகத்தைக் கல்வெட்டு என்போம். கல்வெட்டில் எவரும் சின்ன மனிதராக இருந்ததில்லை. அண்ணனுடையதை எழுதியவன் நான். ஆங்கில வாத்தியார், ஊரில் எழுத்து வேலை என்றால் என்னிடம்தான் வருவார்கள். ‘ஒயிலர்’ என்று எழுதக் கை கூசியது. ‘கப்பல் கப்டன்’ என்று எழுதினேன். கிரிப்டோ நாணயத்தில் முதலிட்ட முன்னோடி என்றும் சேர்த்தேன். போதாததற்கு, வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்கட்டும் என்று என் மின்னஞ்சல் முகவரியோடு முகநூலிலும் போட்டேன்.

கிரிப்டோ விசயம் மட்டும் உண்மை. அண்ணிக்கும் மகளுக்கும் அவர் விட்டுப்போன சேமிப்பு அது ஒன்றுதான். அதைத் திறக்கும் இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் எழுதி, சாமியறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

இரண்டு கிழமையில் எனக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள், அண்ணனின் டிஜிட்டல் பணப்பை இருபத்துநான்கு மணித்தியாலத்தில் முடக்கப்படும், கீழுள்ள இணைப்பில் இரகசியச் சொற்களைப் பதிந்து வாரிசை உறுதிசெய்யவும் என்றிருந்தது. கள்ளக் கடிதம் என்றால் ஆங்கிலம் பிழையாக இருக்கும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். சிவப்புப் பேனாவோடு பார்ப்பதுபோல் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. நம்பிவிட்டேன்.

அண்ணி தாளை எடுத்து வந்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். நான் தட்டினேன். பதினேழாவது சொல்லோடு நிறுத்தினார்.

“தம்பி, உந்தக் கடிதம் போட்டவைக்கு அவர் செத்தது ஆர் சொன்னது?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரம் போகிறது, இந்த நேரத்தில் கேள்வியா என்று சினந்தேன்.

“ஒருக்காத் தமிழிலை வாசிச்சுக் காட்டுங்கோவன்.”

வேண்டாவெறுப்பாகத் தொடங்கினேன். “காலஞ்சென்ற கப்டன் அவர்களின்...” நிறுத்தி, அந்தச் சொல்லைத் திரும்பப் பார்த்தேன்.

“ஆர் கப்டன்?” என்றார் அண்ணி. கல்வெட்டைத் திறந்து பார்க்க அவருக்கு அதுவரை மனம் வரவில்லை.

உலகத்தில் அண்ணனைக் கப்டன் என்று சொன்னது ஒரேயொரு இடம்தான். கப்பல் கொம்பனி சொல்லாது, அவரும் எங்கும் அப்படிப் பதிந்திருக்க மாட்டார். என் பொய்யை வாசித்தவன்தான் இதை எழுதியிருக்கிறான். தலை குனிந்து அதை அண்ணியிடம் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. தாளை மடித்தார்.

“மிச்சம் ஏழு சொல்லு குடுக்கேல்லைத்தானே? வெளிக்கிடுங்கோ.”

மருதனார்மடத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் ஓடினோம். கடிதத்தைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது.

“சேர், உந்தச் சொல்லுகளை உண்மையான ஆக்கள் ஒருநாளும் கேக்க மாட்டினம். கேட்டாலே கள்ளர்தான். அவசரப்படுத்தினாலும் கள்ளர்தான். தட்டினதெல்லாம் அப்பவே அவங்களிட்டைப் போயிருக்கும்.”

அவன் வழிகாட்ட, அண்ணி தாளைப் பார்த்துத் தன் போனிலேயே பழைய பணப்பையைத் திறந்தார்; நாணயம் இன்னும் அங்கேயே இருந்தது. புதிய பணப்பை ஒன்று திறந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவித்தான். திரையில் புதிய சொற்கள் வந்தபோது எழுந்து வாசலுக்குப் போய், றோட்டைப் பார்த்தபடி நின்றான். அண்ணி எழுதி முடித்துக் கூப்பிடும்வரை திரும்பவில்லை. ஊருக்கு உபதேசம் செய்த நான் அவனைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அலுமாரியிலிருந்து கல்வெட்டை எடுத்தார். முதற்பக்கத்தை ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

“எண்ணெய்க் கையோடை உழைச்சதுக்கு அவர் ஒருநாளும் வெக்கப்பட்டதில்லை, தம்பி. நீங்கள்தான் வெக்கப்பட்டிருக்கிறியள்.”

அந்தக் கை அனுப்பிய காசில்தான் நான் படித்து வாத்தியாரானேன்.