கோவிந்தா சொல்லிப் போன கணக்கு வாத்தியார்

எல்லை பிரித்து, சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திராவோடு சேர்ந்த சமயம். சித்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில், புத்தலப்பட்டில் ஒரு காபிக் கடையில் நான் வேலைக்கு இருந்தேன். படிப்பை ஏழாவதோடு விட்டவன். நகரியில் தறிக்கு நூல் சுற்றினேன், காளஹஸ்தியில் சாயத்துணி அலசினேன், சித்தூரில் மாங்காய் மூட்டை தூக்கினேன். எந்த ஊரிலும் நிலைத்து நின்றதில்லை. புத்தலப்பட்டில் கொஞ்சம் கூடுதலாக இருந்தேன் என்றால், கடையின் பின்கட்டில் என்னோடு தங்கியிருந்த ஒரு வாத்தியார்தான் காரணம்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். சத்தியவேட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். எல்லை மாறியபோது கூட வேலை பார்த்த வாத்தியார்கள் மதராஸ் பக்கம் போய்விட்டார்கள். இவருக்குக் கொஞ்சம் நிலமும், படுக்கையில் கிடந்த மாமியாரும் இருந்ததால் இங்கேயே நின்றுவிட்டார். மனைவியை ஊரில் விட்டுவிட்டு, தெலுங்குப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தார்.

தெலுங்கு தெரியாதவர் இல்லை. சந்தையில் கத்திரிக்காய்க்காரியைத் தெலுங்கில் கேலி பேசிச் சிரிக்கவைத்து, கொசுறாக ஒரு கை காய் வாங்கிவருவார். ஆனால் கணக்கு மட்டும் அவர் தலைக்குள் தமிழில்தான் ஓடியது. கரும்பலகை முன்னால் நின்றால், முதலில் வாய்க்குள் தமிழில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் தெலுங்கில் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில் உதடு அசையும், சத்தம் வராது. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கடை வாசலில் அவரைப் பார்த்தால்கூட உதட்டை அசைத்துக் காட்டிவிட்டு ஓடுவார்கள். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒருநாள் பள்ளியைப் பார்வையிட அதிகாரி வந்து, வாய்ப்பாடு நடத்திக் காட்டச் சொன்னாராம். உதடுதான் அசைந்ததாம். பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள் என்று அதிகாரி சொல்ல, இவரும் போய் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் அவரே என்னிடம் சொன்னார்.

“அந்தப் பெஞ்சியில எனக்குக் காலு மடங்கல பா.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. விடிவதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போய், காலி பெஞ்சுகளைப் பார்த்துத் தெலுங்கில் பாடம் நடத்திப் பழகினார். பிறகு அதுவும் நின்றது. பள்ளி மணி அடிக்கும், எதிரில் காபி ஆறிக்கொண்டிருக்கும், எழுந்திருக்க மாட்டார். மற்ற வாத்தியார்கள் கெட்டவர்கள் இல்லை. லீவு போடச் சொன்னார்கள். எங்கள் முதலாளி காத்து சேட்டை என்று சொல்லித் தாயத்து கட்டிவிட்டார். நான் சோறு வைத்தேன். உடம்புக்கு என்ன பண்ணுகிறது என்று ஒருதரம் கேட்டேன்.

“ஒண்ணும் பண்ணல. அதான் பயமா கீது.”

காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். இதற்கு எங்கே தொட்டுப் பார்ப்பது? எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர் தலைக்குக் குளித்து, நாமம் போட்டு, மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, கையில் செம்போடு வந்து நின்றார். மலைக்குப் போய் முடி கொடுக்கப் போகிறேன் என்றார். அப்படி வேண்டிக்கொண்டவர்கள் வீடு வீடாகக் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கிப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் தெருவில் இறங்கினார். வகுப்பில் வராத சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பெண்கள் முறத்தில் அரிசி கொண்டுவந்து போட்டார்கள். உதட்டை அசைத்துக் கேலி செய்த அதே பிள்ளைகள் பின்னாலேயே கோவிந்தா போட்டுக்கொண்டு போனார்கள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன்.

“பாத்தியாடா தாயத்து வேலைய? அய்யவாரு வாயத் தெறந்துட்டாரு,” என்றார் முதலாளி. வாத்தியாரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஊரே நிம்மதியாக மூச்சுவிட்டது.

வாங்கிய அரிசியை மலைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் அதை எங்கள் கடை அண்டாவில் கொட்டிவிட்டு, பொங்கி பசங்களுக்குப் போடு என்றார். செருப்பையும் குடையையும் என்னிடம் கொடுத்தார். காபி வேண்டாம், விரதம் என்றார். பக்தி என்று நினைத்துக்கொண்டோம். பஸ் ஏற்றிவிட்டு, வரும்போது லட்டு கொண்டுவரச் சொன்னேன். ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. பஸ் சத்தத்தில்தான் காதில் விழவில்லை என்று இருந்துவிட்டேன்.

பிள்ளைகளுக்குப் பொங்கல் போட்டோம். வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போனார்கள்.

அவர் திரும்பவில்லை. சொல்லி அனுப்பியதும் அவர் மனைவி வந்தார். கொடியில் தொங்கிய சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கடைசியாக என்ன தின்றார் என்று கேட்டார். விரதம் என்று ஒன்றும் தொடவில்லை, மலைக்கு வேண்டுதல் என்றேன். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார்.

“வேண்டுதலா? அவுரு ஜென்மத்துல ஒரு கோயிலுக்குள்ள கால் வச்சதில்லையே, நைனா.”

அடுப்படியில் நின்ற முதலாளி கரண்டியைக் கீழே வைத்தார்.

அந்த அம்மாளும் நானும் திருப்பதிக்குப் போனோம். சத்திரம், குளக்கரை, பஸ் நிற்கிற இடம் எல்லாம் பார்த்துவிட்டு மலைக்கு ஏறினோம். முடி எடுக்கிற இடத்தில் ஒருவரிடம் விசாரித்தோம். அவர் கையில் கத்தியோடு, ஆள் எப்படி இருப்பார், அடையாளம் என்ன என்று கேட்டார்.

“ஒல்லியா இருப்பாரு. மொட்டை போட்டிருப்பாரு,” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சுற்றிலும் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஊரில் வாத்தியாரின் மாமியார் படுக்கையில் கிடந்தார், அவரைப் பார்க்க ஆள் இல்லை. தேடுவதை விட்டு அந்த அம்மாள் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. செருப்பையும் குடையையும் கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நாளில் நானும் புத்தலப்பட்டை விட்டுக் கிளம்பினேன். வாத்தியார் இருக்கிறாரா, இல்லையா என்று இன்றுவரை யாரும் சொல்லக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ பேர். யாரோடும் பேசாமல் சுருண்டு கிடந்த ஒருவர் திடீரென்று ஒருநாள் குளித்து, தெளிந்த முகத்தோடு சிரித்தால் எல்லோரும் நிம்மதியாகக் கலைந்து போகிறார்கள். நான் மட்டும் போகாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.