மிச்சம் பிடித்தவள்

தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயர் கஞ்சக்கா. ராணுவத்துக்குப் பாராசூட் தைக்கும் இடத்தில் துணி வெட்டும் பகுதிக்கு அவள்தான் மேற்பார்வை. தரையில் துண்டுத் துணி கிடந்தால் அவளுக்கு மனசு ஆறாது.

"அண்ணி, விட்டா நம்ம நிழலையும் மடிச்சு பீரோல வெச்சிருவீங்க" என்பாள் நாத்தனார். தன் புருஷன் படுக்கையில் விழுந்துவிட்ட நாத்தனார் அவள்; அவளைச் சின்ன மேசையில் வேலைக்குச் சேர்த்துவிட்டது கஞ்சக்காதான். பாராசூட்டின் பெரிய குடையை இழுத்துத் திறக்கும் சின்னக் குடைக்கு அங்கேதான் துணி வெட்டுவார்கள்.

செலவு இவ்வளவு என்று அரசும் கம்பெனியும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். தாண்டினால் நஷ்டம் இருவருக்கும் பாதிப் பாதி. குறைந்தால் மிச்சமும் அப்படியே. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பெரிய குடைத் துண்டுகளுக்கு நடுவே வீணாகும் இடத்தில், இழை கோணாமல், சின்னக் குடைத் துண்டுகளைப் பொருத்தி வரைந்தாள் கஞ்சக்கா. துணி ஏகமாக மிஞ்சியது. அரசு அதிகாரி நேரில் வந்து கைகுலுக்கினார். நாத்தனார் கேலி செய்வதையே விட்டுவிட்டாள்.

அடுத்த ஒப்பந்தம் வந்தது. மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"போன தடவை ஆன செலவுதான் இந்தத் தடவை வரம்புன்னுட்டாங்க. நமக்கு இனி ஒண்ணும் மிஞ்சாது. சின்ன மேசையை எடுத்துடறோம்."

வார்த்தை காதில் விழுந்தது, புத்திக்கு ஏறவில்லை.

"சார், மிச்சம் பிடிச்சுக் குடுத்தது நான்."

"அதனாலதாம்மா. சின்னக் குடைத் துண்டும் இப்ப பெரிய குடைத் துணியிலேயே வந்துடுது. அந்த மேசைக்கு இப்ப என்ன வேலை இருக்கு, சொல்லு?"

துணியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவள், அந்த மேசைக்குப் பின்னால் நின்றவளைப் பார்க்கவில்லை.

"வேற வழி இருந்தா சொல்லு. மேசை இருக்கட்டும்."

வழி இருந்தது. துணியின் இரண்டு ஓரத்திலும் வெட்டி எறியும் பட்டையில், கொக்கிகளைக் கட்டும் நாடாவுக்கு உறை எடுக்கலாம். அதை அந்த மேசையிலேயே வெட்டலாம்; வெளியிலிருந்து வாங்க வேண்டாம். சொல்ல வாயெடுத்தாள். அதற்கடுத்த ஒப்பந்தத்தில் வரம்பு இன்னும் இறங்கும் என்பது நினைவுக்கு வந்தது.

"ஒரு ஓரத்துல எடுக்கலாம் சார்" என்றாள். "இன்னொண்ணு ஆகாது."

மேசை தப்பியது.

மறுநாள் கத்திரிக்கடியில் விழுந்த நீளப் பட்டையை நாத்தனார் குனிந்து எடுக்கப் போனாள்.

"விடு."

"அண்ணி! நல்ல துணி!"

"தெரியும். கிடக்கட்டும். அடுத்த தடவைக்கு வேணும்."

நாத்தனார் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கஞ்சக்கா அந்தப் பட்டையை மிதித்துக்கொண்டே அந்தப் பக்கம் போனாள்.