தேயிலைப் பெட்டிக்குள் சொன்ன ரகசியம்

1. கடிதம்

இலங்கை மலையகத்தில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் ஆபீஸ் கிளாக்கர். வருகிற கடிதங்களுக்கு நம்பர் போட்டு ஃபைலில் குத்துவது என் வேலை. வாயைத் திறக்காமலே செய்யலாம் என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், தோட்ட மேனேஜரான தொரை கொழும்பில் இருக்கும் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி கைக்கு வந்தது. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவை மூடி, விருந்தினர் தங்குமிடமாக்கப் போகிறாராம். "தொழிலாளர்களின் முழுச் சம்மதத்துடன்" என்றும் எழுதியிருந்தார். அந்தக் காம்பராவில்தான் என் ஒரு வயது மகளும் இருந்தாள்.

"இது வெளிய போனா நீயும் வெளிய போறதுதான். விளங்குதா?" என்றார் தொரை.

"விளங்குதுங்க தொரை."

என் மனைவி செல்வி கொழுந்து எடுப்பவள். அவளிடம் சொன்னால் மலைக்கே சொன்ன மாதிரி. ஆகவே மூன்று வாரம் சொல்லவில்லை.

2. வேஷம்

கொழும்பிலிருந்து கம்பெனி டைரக்டர்மார் வரும் நாளில் நாடகம் போட வேண்டுமென்று தொரை உத்தரவிட்டார். பள்ளிக்கூடத்து மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கிரேக்கக் கதையொன்றை எடுத்தார். ராஜாவுக்குக் கழுதைக்காது முளைத்துவிடும். அது நாவிதனுக்கு மட்டும் தெரியும். அடக்க முடியாமல் குழி தோண்டி அதற்குள் சொல்லி மூடுவான். அங்கே முளைக்கும் நாணல்கள் அதையே ஊருக்குச் சொல்லும்.

தொரைக்குக் கதை பிடித்துப்போயிற்று. "நல்ல பாடம். வேலைக்காரன் வாய மூடிட்டு இருக்கணும்."

நாவிதன் வேஷம் எனக்கு. "தம்பி, உமக்குக் கூச்சம் எண்டு தெரியும். முகத்தைக் குழிக்குள்ள வைச்சிரும், ஒருத்தரும் பாக்கமாட்டினம்," என்றார் மாஸ்டர். குழி என்பது அடி கழன்ற தேயிலைப் பெட்டி. என் குரல் எழும்பாது என்பதால் அதற்குள் ஒரு மைக். செல்வியும் இன்னும் சில பெண்களும் நாணல்கள். நாவிதன் சொல்வதைத் திருப்பிச் சொல்வது மட்டுமே அவர்கள் வேலை.

3. மேடை

நாடகத்தன்று மைக் வேலை செய்யவில்லை. "அண்ணே, மைக் செத்துப் போச்சு. கத்துங்க," என்றான் எலக்ட்ரீஷியன். பிறகு வயரை மாற்றியவன் அதை என்னிடம் சொல்லவில்லை.

தலையைப் பெட்டிக்குள் விட்டேன். இருட்டு. கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் நாடக வசனத்தை விட்டுவிட்டு என் சொந்த ரகசியத்தைச் சொன்னேன்.

"பிள்ளைக்காம்பராவ மூடப் போறாங்க. எல்லாரும் சம்மதிச்சிட்டதா எழுதியிருக்காங்க."

தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் வரைக்கும் ஸ்பீக்கர் அலறியது. பழகிய வாய் அல்லவா, நாணல்கள் உடனே பாடின: "பிள்ளைக்காம்பராவ மூடப் போறாங்க..." பாதியில் நின்றன. ஒரு நாணல் பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தது.

"என்னங்க சொன்னீங்க?"

தமிழ் தெரிந்த ஒரு டைரக்டர் எழுந்தார். "மாஸ்டர், இது கதையில இருக்கா?"

"இல்லை ஐயா. இருந்திருக்க வேணும்."

"நீங்க எல்லாரும் சம்மதிச்சதா கடிதம் வந்திருக்கே?"

செல்வி அவர் பக்கம் திரும்பினாள். "எங்க சம்மதத்த எங்களுக்கே இப்பதாங்க சொல்றீங்க!"

கழுதைக்காது கட்டியிருந்த ராஜாவை அப்போது யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தொரையைத்தான் பார்த்தார்கள்.

4. பாடம்

டைரக்டர்மார் திட்டத்தை நிறுத்தியதால் பிள்ளைக்காம்பரா தப்பியது. தொரை என் கையைக் குலுக்கி நடிப்பைப் புகழ்ந்தார். திங்கட்கிழமை என்னை ஃபேக்டரி விறகுக் கொட்டிலுக்கு மாற்றினார். கலைஞனுக்குக் காற்றோட்டம் வேண்டுமல்லவா? அங்கே லொறிச் சத்தத்தில் கத்திப் பேசவும் பழகிக்கொண்டேன்.

ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரகசியம் காப்பது நல்ல குணம்தான். ஆனால் அதைக் காப்பதால் யாருடைய பிள்ளை வெளியே நிற்கப்போகிறது என்று பார்த்துவிட்டுக் காப்பாற்றுங்கள். எனக்கு அது ஒரு பெட்டிக்குள் தலையை விட்ட பிறகுதான் தெரிந்தது.

செல்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை. "பெட்டிக்கிட்ட சொல்ல முடிஞ்சிச்சு, பொண்டாட்டிக்கிட்ட சொல்ல முடியல!"