கடைசித் தண்ணீர்

பட்டினப்பாக்கம் ஜெசிந்தா கருவாட்டை ஒரு தடவை முகர்ந்தாலே போதும், எத்தனை நாள் வெயில் கண்டது என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு, குப்பத்துப் பெண்கள் சங்கத்தின் கருவாட்டுக் கூடத்தில் சூப்பர்வைசர் வேலை கை நழுவிப்போனது. பத்தாவது பாஸ் இல்லையாம். சான்றிதழோடு வேலைக்கு வந்த பெண்ணோ, நெத்திலிக்கு எவ்வளவு உப்பு போடுவது என்று ஜெசிந்தாவிடம்தான் கேட்டாள். வயிறு எரியாதா?

அந்தப் பெண் கல்யாணமாகி ஜூனில் போகிறாள் என்று தெரிந்ததும், நாற்பத்திரண்டு வயதில் ஜெசிந்தா தனித்தேர்வராகப் பணம் கட்டினாள். "இந்த வயசுல இன்னாத்துக்குடி உனக்கு?" என்று கேட்ட கணவன் மிக்கேல்தான் அறிவியல் புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுத்தான்.

மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் செய்முறைத் தேர்வு. கிண்ணத்தில் பத்து கிராம் உப்போடு மணலைக் கலந்து வைத்திருந்தார்கள். இரண்டையும் பிரிக்க வேண்டும். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கருவாட்டுத் தொட்டியின் அடியில் மணலோடு மிஞ்சும் உப்பை அவள் காலம்காலமாகக் கரைத்து, தெளியவைத்து, துணியில் வடித்துக் காயவைக்கிறவள். இங்கே துணிக்குப் பதில் வடிதாள், வெயிலுக்குப் பதில் அடுப்பு.

கரைத்தாள், வடித்தாள். பிறகு பழக்கதோஷம், வடிதாளில் நின்ற மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டாள்.

"என்னம்மா பண்றீங்க!" தேர்வாளர் வஜீஹா டீச்சர் பாய்ந்து வந்தார். "லேப்ல எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு சொல்லித்தரலையா? இதுக்கே நான் ஃபெயில் போடலாம், தெரியுமா?"

ஜூனும் போச்சு, கூடமும் போச்சு. ஆனாலும் ஜெசிந்தாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"தப்புதான் டீச்சர். மணல் இன்னும் கரிச்சுக்கினு கீது. அப்போ உப்பு முழுசா வரலன்னுதானே அர்த்தம்? கலந்து கீதே தவிர ரெண்டும் வேற எதுவாவும் மாறல. உப்பு உப்பாதான் கீது, மணல் மணலாதான் கீது. அத்தொட்டுத்தானே பிரிக்க முடியுது?"

வஜீஹா டீச்சர் குனிந்து வடிதாளைப் பார்த்தார். "சரி. நாக்கு இல்லாம அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. ஜெசிந்தாவுக்குத் தன் தொட்டி விளிம்பு நினைவுக்கு வந்தது. உப்புத் தண்ணீர் காய்ந்த இடத்திலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும்.

காய்ச்சி வடித்த நீரை மணலில் ஊற்றினாள். கடைசியாக வடிந்த ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் ஏந்தி, தீயில் லேசாகக் காட்டினாள். வெள்ளைத் திட்டு படிந்தது. "இன்னும் கீது டீச்சர்." மறுபடி ஊற்றினாள். திட்டு மங்கியது. மூன்றாம் தடவை கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வடிந்த தண்ணீர் அத்தனையையும் சேர்த்துக் காய்ச்சினாள். கிண்ணத்தில் மிஞ்சிய உப்பைத் தராசில் வைத்தபோது ஒன்பது புள்ளி எட்டு கிராம் காட்டியது.

டீச்சர் எண்ணைக் குறித்துக்கொண்டார். மார்க்கைச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஜெசிந்தா கும்பிட்டுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டினாள்.

அடுத்த பிரிவுத் தேர்வர்கள் உள்ளே போயிருந்தார்கள். வஜீஹா டீச்சரின் குரல் வாசல்வரை கேட்டது.

"வடிகட்டினதும் நிறுத்தாதீங்க. கடைசித் தண்ணியை ஒரு சொட்டு கண்ணாடியில காயவெச்சுக் காட்டணும். வெள்ளை படிஞ்சா திரும்பக் கழுவணும்."

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் நின்று ஒரு தடவை முழுதாகக் கேட்டாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.