ஸ்டெல்லா வீட்டுப் பக்கம் போட்ட இரைச்சல்

ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் போன் செய்தபோது காலை ஏழு மணி இருக்கும். நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். "ஸ்டெல்லா..." என்றார். அதற்குமேல் ஒரே கரகரப்பு. "கேக்கல அண்ணே, வெளிய வந்து பேசுங்க" என்றேன். மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் அதே. மூன்றாம் தடவை கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன். அவர் தெருமுனை வரை நடந்துபோய், அத்தனை பேர் முன்னால் கத்தினார்: "ஸ்டெல்லா போய்ட்டா, முத்து." மனைவி செத்த செய்தியை ஒரு மனுஷரைத் தெருவில் நின்று கத்தவைத்த பாவி நான்.

எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குப் போனில் கேட்ட இந்த இரைச்சலின் கதை தெரியும். அழ வந்த சொந்தக்காரர்களுக்காகச் சொல்கிறேன். நானும் ஸ்டெல்லாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். செல்போன் டவர்களுக்கு அலைவரிசை பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. அலைவரிசை கொஞ்சம், டவர்கள் நிறைய. ஒரே அலைவரிசையைப் பல டவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும் இரண்டுக்குக் கொடுக்கக் கூடாது. டவர்களைப் புள்ளிகளாக வைத்து, தொந்தரவு உள்ளவற்றுக்கு இடையே கோடு போட்டு, கோட்டின் இரு முனைக்கும் வேறு வேறு நிறம் பூசுகிற கணக்கு இது. அலைவரிசைதான் நிறம்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு டவரில் பேச்சு அறுந்துகொண்டே இருந்தது. நான் ஆன்டெனா மேல் சந்தேகப்பட்டு மூன்று முறை ஆளை ஏற்றி இறக்கினேன். ஸ்டெல்லா கடற்கரையில் போனும் கையுமாக அரை நாள் நின்றுவிட்டு வந்தாள். கரையோரமாக வெகுதூரம் தள்ளி இருந்த ஒரு டவர்தான் உள்ளே புகுந்து பேசிக்கொண்டிருந்தது. "ஏளா, நீ விளாத்திகுளத்துக்காரி, தரையத்தான் பாப்ப. தண்ணி மேல சிக்னலத் தடுக்க ஒரு பனமரம் உண்டா? அங்கன இருக்க டவரு நமக்கு அடுத்த வீடு" என்றாள். அன்றைக்குப் படத்தில் ஒரு கோடு கூடியது.

கோடு கூடும், நிறம் கூடாது. எப்படிப் பூசினாலும் கடைசியில் ஒரு டவர் மிஞ்சும். அதற்கு எந்த நிறம் கொடுத்தாலும் பக்கத்து டவரோடு மோதும். எங்கள் புரோகிராம் அந்த மோதலைப் பேச்சு குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்துத் தள்ளிவிடும். பேச்சு அறுந்து அறுந்துதான் அங்கே ஜனங்கள் பேசுவதையே விட்டிருப்பார்கள் என்பது புரோகிராமுக்குத் தெரியாது. "நெறம் பத்தலன்னு அழாத. யாரு தலையில போடுதோம்னு பாரு" என்பாள் ஸ்டெல்லா. பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் தன் வீட்டுப் பக்கத்து டவரைக் கை காட்டுவாள். "இங்கன போடு. ஏசுனா எங்க வீட்டுக்காரரு ஏசட்டும்." அவரும் ஏசுவார். "டவரு வேலைக்காரியக் கட்டிட்டு, போன் பேச மொட்டமாடிக்கு ஏறுதேன்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் போன அன்று விடிந்ததும் அவளுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்குப் போட்ட போன் இரண்டு தடவை அறுந்திருக்கிறது. அவளை விட்டுவிட்டு மாடிக்கு ஏற மனமில்லாமல் அவர் மறுபடி மறுபடி அங்கிருந்தே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் முன்னாலேயே வந்திருந்தாலும் பிழைப்பது கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னாராம். எனக்கு நம்ப வேண்டும்போல் இருக்கிறது. முடியவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஆபீஸுக்குப் போய், முதல் வேலையாக அந்த டவருக்குச் சுத்தமான நிறம் கொடுத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மோதல் அங்கிருந்து கிளம்பியது. அதை இறக்கிவைக்க இரண்டே இடம் இருந்தது. ஒன்று என் தெரு, இன்னொன்று உப்பளத்துக்குப் போகும் வழியில் ஒரு தெரு. என் வீட்டில் அம்மா பகலெல்லாம் தனியாக இருக்கிறாள், சர்க்கரை வேறு. ஸ்டெல்லாவாக இருந்தால் யோசித்திருக்க மாட்டாள். எனக்குக் கை வரவில்லை. உப்பளத் தெருவுக்குப் போட்டேன்.

அவளுடைய துணிச்சலில் ஒரு துளிகூட என்னிடம் ஒட்டவில்லை. ஒட்டியது ஒரு பழக்கம்தான். இரைச்சலை எங்கே போட்டாலும் அங்கே நேரில் போய் நின்று ஒரு போன் பேசிப் பார்த்துவிட்டு வருவாள். அதை மட்டும் வைத்துக்கொண்டேன். நேற்று மத்தியானம் அந்தத் தெருவுக்குப் போனேன். ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா, பட்டன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு "எலே, கேக்குதா? எலே!" என்று கத்திக்கொண்டிருந்தார். வெளியூரில் இருக்கும் மகனாம். என்னைப் பார்த்து, "ரெண்டு நாளாத்தாம்மா இப்படி. யாருட்டப் போயிச் சொல்லணும்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எங்கிட்டத்தான்க்கா" என்றேன். கொடுக்க என்னிடம் வேறு நிறம் இல்லை.